சாரங்கு வீட்டுச் சிவப்புத் தூசி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட அது மேல். இந்தத் தொழிலில் சேர்ந்த முதல் நாள், ஒரு விருந்தினர் விடுதியின் பெரிய அறையை, ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டுக்கொண்டு பெருக்கினேன். வியர்த்தது, போட்டேன். ஒரு மணி நேரம் பெருக்கியும் குப்பை குறைகிற வழியாக இல்லை. வடக்கு மூலையில் கூட்டியது தெற்கு மூலைக்குப் போயிருந்தது. தெற்கில் கூட்டியது என் மூக்குக்குள் போயிருந்தது. கடைசியில் மேனேஜரிடம் போய், "சார், அந்த ரூம் ரொம்ப மோசமான ரூம்" என்று புகார் கொடுத்தேன். அவர் எழுந்து வந்து ஃபேன் சுவிட்சை அணைத்தார். திரும்பிப் போனார்.

அப்படிப்பட்ட ஆளைத்தான், புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு விஷயம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. என் வீட்டு விளக்குமாற்றைத் தொட எனக்கு இன்றுவரை அனுமதி கிடையாது. "நீங்க பெருக்கினா, அப்புறம் நான் பெருக்கணும்" என்பது அவள் தீர்ப்பு.

எந்தத் தரைக்கு எந்த மருந்து, எத்தனை மூடி என்பதெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. பாட்டில் மேலேயே எழுதியிருக்கும். இப்போது உங்களிடம் உறிஞ்சுகிற மெஷின் இருக்கிறது, விதவிதமான துணி இருக்கிறது, முகமூடிகூடத் தருகிறார்கள். பாட்டில் மேல் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வீட்டில். அந்த வீட்டின் கதையைச் சொல்கிறேன்.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் போர்ட் பிளேரில் தூசிக்குப் பஞ்சமே இல்லை. இடிந்ததை இடித்தார்கள். இடியாததையும் சந்தேகப்பட்டு இடித்தார்கள். ரோட்டை அகலப்படுத்தினார்கள். மழை ஓய்ந்ததிலிருந்து அடுத்த மழை பிடிக்கிறவரைக்கும் ஊரே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். விடுதி வேலையை விட்டுவிட்டு, வீடுகளைச் சுத்தம் செய்து தருகிற வேலையை நானும் தீதியும் ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். இரண்டே பேர். ஒரு சைக்கிள், இரண்டு வாளி, ஒரு மடக்காத ஏணி. ஏணியைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோகிற அழகைப் பார்க்கவே அபர்டீன் பஜாரில் ஆள் நிற்கும்.

தீதி ராஞ்சிக்காரர். தீதி என்றால் அக்கா. வயதில் என்னைவிட இரண்டு வருஷம் சின்னவர். தொழிலில் இருபது வருஷம் பெரியவர். விடுதியில் என்னோடு வேலை பார்த்தவர். நம் தீவின் ஹிந்தி அவர் பாஷை. எங்களோடு பழகிப் பழகித் தமிழும் வரும், ஆனால் செலவழிக்க மாட்டார். நாள் முழுக்கச் சேர்ந்து வேலை செய்தால் பத்து வார்த்தை தேறும். அதில் எட்டு, "தாதா, ஹட்டோ." அண்ணே, தள்ளி நில்லு. நான் எப்போதும் அவர் துடைக்கிற இடத்திலேயே நின்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பேன்.

அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் இன்னொரு சாமானும் இருந்தது. நிவாரணக் கம்பளி. மெயின்லாண்டிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அனுப்பியவர்கள் நல்ல மனசுக்காரர்கள். அவர்கள் ஊரில் குளிர் போலிருக்கிறது. பனியனே பாரமாக இருக்கிற நமக்குக் கம்பளி வந்தது. பழைய துணிகளைக் கிழித்துத் திரும்ப நெய்த சிவப்புக் கம்பளி. தூக்கி எறியவும் மனசு வராது, நம் கஷ்டகாலத்தில் யாரோ கொடுத்தது. ஆகவே ஆளுக்கொரு உபயோகம் கண்டுபிடித்தார்கள். இஸ்திரி மேஜைக்கு விரித்தார்கள். டிங்கிப் படகு எஞ்சினுக்குப் போர்த்தினார்கள். புரோத்ராபூரில் ஒருவர் மழைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று ஆட்டுக்குக் கட்டிவிட்டார். பக்கத்து ஆடு அதைத் தின்றுவிட்டு மூன்று நாள் படுத்துக்கிடந்தது. நானும் ஒரு உபயோகம் கண்டுபிடித்தேன். அதற்கு வருகிறேன்.

மின்னி பே இறக்கத்தில் சாரங்கு பாய் வீடு இருந்தது. மர வீடு, தகரக் கூரை, கூரைக்குக் கீழே பிளைவுட் சீலிங். சாரங்கு என்றால் கப்பலில் டெக் ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. ராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்து, முப்பது வருஷம் நம் தீவுக் கப்பல்களில் ஓடி ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்குச் சிநேகிதர். எனக்கு நரை விழுந்த பிறகும் அவருக்கு நான் 'டேய்'தான். அவர் மனைவியை நான் சாச்சி என்பேன். சாச்சி காலமாகி அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் சென்னையில் இருந்தான். பாய் தனியாகத்தான் இருந்தார். அவரே பொங்குவார், அவரே மீன் சுத்தம் செய்வார், அவரே ருசி பார்த்துவிட்டு அவரையே திட்டிக்கொள்வார்.

ஒருநாள் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனால் வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ எண்ணெய் போடாத கதவைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி சத்தம்.

"என்ன பாய், நெஞ்சுக்குள்ள கப்பல் வந்துருக்கு?"

"வாடா, உன்னத்தான் பாத்துட்டிருந்தேன். டாக்டரு சொல்றாரு, எல்லாம் வீட்டுத் தூசியாம். மருந்து பாதி, சுத்தம் பாதியாம்." ஒரு மூச்சு வாங்கிக்கொண்டார். "மகன் அடுத்த கப்பல்ல வர்றான். வந்து பாக்குறப்பவும் இப்புடியே இழுத்துச்சுன்னா, அதே கப்பல் திரும்புறப்ப என்னையும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருவானாம்."

"போயிட்டு வாங்களேன், பேரப்பிள்ளைங்க இருக்கு..."

"எட்டாவது மாடிடா! ஜன்னலத் தொறந்தா எதுத்த வீட்டு ஜன்னலு. முப்பது வருசம் கடலப் பாத்த கண்ணு, அங்க போயி எவனோ பல்லு வெளக்குறதப் பாக்கணுமா?" பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு உங்க சாச்சி கபருக்குப் போயிட்டு வருவேன். நான் போயிட்டா அங்க யாருடா போவா?"

கப்பலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. "வீட்டை என்கிட்ட விட்டுடுங்க பாய், உங்க மகன் வந்து தரையில முகம் பாப்பான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வாக்குக் கொடுப்பதில் என்னை மிஞ்ச அந்தமானில் ஆள் கிடையாது.

முதல் நாள் தீதிக்கு வேறொரு வீட்டில் வேலை. நான் மட்டும் போனேன். ஈர்க்குமாற்றை எடுத்து மூலை முடுக்கெல்லாம் விளாசினேன். கோரைப் பாய்களை வாசலில் உதறினேன். மெத்தையைக் கழியால் அடித்தேன். எல்லாம் முடிந்ததும் மூன்று பாட்டில் ஃபினைலை அப்படியே தரையில் கவிழ்த்தேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. சுத்தம் என்றால் மணக்க வேண்டும் என்பது அப்போதைய என் கொள்கை.

சாயங்காலம் பாயை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. உதடு நீலம் பாரித்திருந்தது. மூக்கில் புகை மருந்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. வந்த முதல் பேச்சு: "டேய், தூசியக் கொல்லச் சொன்னா, என்னைய ஏன்டா கொல்ற?"

சிரித்தேன். ஆனால் அவர் வீடு திரும்பும்வரை ஆஸ்பத்திரி வாசலை விட்டு நான் நகரவில்லை. மறுநாள் தீதி வந்து மோந்து பார்த்தார். மீதி ஃபினைல் பாட்டில்களை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தார். ஈர்க்குமாற்றையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். அங்கேயே நிறுத்திவைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"வீடு கண்ணுக்காக இல்ல தாதா, மூக்குக்காகவும் இல்ல" என்றார். "சாத்திக்காக." சாத்தி என்றால் நெஞ்சு. அன்றைய பத்து வார்த்தையில் ஏழு வார்த்தையை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டார் என்றால் கோபம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் அவர் முறைப்படி நடந்தது. உலர்ந்த விளக்குமாறே கிடையாது. எல்லாம் ஈரத்துணி. மேலேயிருந்து கீழே, உள்ளேயிருந்து வெளியே. திரைச்சீலைகளைக் கழற்றினோம். வாசலில் நனைத்த சாக்கு போட்டோம். நாங்கள் துடைக்கிற நேரமெல்லாம் பாய் வெளியே வேப்ப மரத்தடியில் நாற்காலியில். ஏழெட்டு நாளில் வீடு பளபளத்தது. ஆனால் காலையில் வந்து பார்த்தால், கட்டில்மேல், மேஜைமேல், சாச்சியின் தையல் மெஷின்மேல் மறுபடியும் ஒரு மெல்லிய சிவப்புப் படலம். யாரோ குங்குமத்தை ஊதிவிட்டுப் போன மாதிரி. பாயின் நெஞ்சுக் கதவும் கிறீச்சிடுவதை நிறுத்தவில்லை.

குற்றவாளியை நான் உடனே பிடித்துவிட்டேன். ரோடு. வீட்டுக்கு மேலேதான் செம்மண் ரோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். லாரிக்கு லாரி புழுதி. சிவப்புத் தூசி, சிவப்பு ரோடு, வேறு என்ன வேண்டும்? ரோட்டுப்பக்க ஜன்னலையெல்லாம் பூட்டி, இடுக்கில் பேப்பர் ஒட்டினேன். போதாதென்று வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் ரோட்டுக்கே தெளித்தேன். நாலு வாளி ஊற்றியிருப்பேன். லாரி டிரைவர் ஒருவன் நிறுத்தி, தலையை நீட்டி, "தாதா, ரங்கத் வரைக்கும் இப்புடியே தெளிச்சுட்டு வர்றியா? கூடவே மெதுவா வர்றேன்" என்றான். ரங்கத் இன்னொரு தீவில் இருக்கிற ஊர். கூலிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஐந்தாவது வாளிக்குப் போனேன். என் முடிவில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன், தம்பி தங்கைகளே. ஒருவன் ரொம்பச் சுறுசுறுப்பாக இருக்கிறான் என்றால், அவன் யோசிக்காமல் தப்பிக்கிறான் என்று அர்த்தம். என்னைத்தான் சொல்கிறேன்.

கப்பல் வருவதற்கு முந்தின நாள். பாய் மரத்தடியில் இருந்தார். நான் வழக்கம்போல் ரோட்டைத் திட்டிக்கொண்டு மேஜையைத் துடைத்தேன்.  தீதி தையல் மெஷின்மேல் இருந்த தூசியை இரண்டு விரலால் வழித்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கட்டை விரலால் தேய்த்தார். என்னிடம் நீட்டினார்.

"மிட்டி இல்ல" என்றார். மண் இல்லை.

பார்த்தேன். மண்ணாக இருந்தால் கரைந்து சேறாகியிருக்கும். இது கரையவில்லை. விளக்குத் திரி மாதிரி சுருண்டு உருண்டது. நுனியில் பொடி மயிர். பதினோரு நாளாக நானும் அதே தூசியைத்தான் துடைத்திருக்கிறேன். ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது தரை லேசாக நடுங்கியது. அந்த வருஷங்களில் அது நமக்குச் சாதாரணம். பெரிய நிலநடுக்கத்தின் மிச்சம் மீதி அப்பப்போ வந்து போகும். டீ கிளாஸ்கள் கிணுகிணுத்தன. ஃபேன் அசைந்தது. ஃபேன் கம்பி சீலிங்குக்குள் நுழைகிற துளையிலிருந்து, ஒரு சிவப்புக் கோடு, மணல் கடிகாரத்தில் விழுகிற மாதிரி, மெதுவாக, சத்தமில்லாமல் கட்டிலின் மேல் இறங்கியது. பாயின் தலையணை இருக்கிற இடத்துக்கு.

தீதி நிமிர்ந்து மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். 

"மேல என்னா இருக்கு?"

"எலி" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

எனக்கு நன்றாகத் தெரியும், மேலே என்ன இருக்கிறது என்று. சுனாமிக்கு அடுத்த மழைக்காலத்தில் சாச்சி தூக்கமில்லாமல் தவித்தார். தகரத்தில் மழை இரைந்தால் அவருக்கு அது மழையாகக் கேட்காது. கடல் வருகிறது என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். பாய் பாதி நாள் கப்பலில். "தம்பி, இந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொறச்சுக் கொடேன்" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். உடனே என் மூளை வேலை செய்தது. சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் நிவாரணக் கம்பளியைப் பரப்பிவிட்டேன். பன்னிரண்டு கம்பளி. அவர்கள் வீட்டில் இருந்தது போதாமல் அக்கம்பக்கத்திலும் வாங்கிப் போட்டேன். ஏணி உச்சியில் நின்றுகொண்டு, தலையும் தோளும் சீலிங்குக்கு மேலே இருட்டில், கால் மட்டும் கீழே. சாச்சி ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட வாங்கி இழுத்துப் பரப்பினேன். அந்த ஓட்டை ஏணி அன்றைக்கு இம்மியும் ஆடவில்லை. என் உடம்பின் நிதானத்தைப் பற்றி எனக்கு ஒரே பெருமை. தூசி விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி முடித்தபோது கீழே சாச்சி மட்டும்தான் நின்றார். அன்று மழையில் சாச்சி தூங்கினார். மறுநாள் எனக்கு வட்டலப்பம் செய்து கொடுத்தார். அந்த ஐடியாவை நான் ஆறு வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஆறு வருஷம். தகரத்தின் சூட்டில் வெந்து, பூச்சி அரித்து, அந்தக் கம்பளியெல்லாம் பொடியாகிவிட்டது. ஃபேன் சுற்றும்போதெல்லாம், பூமி அசையும்போதெல்லாம், பாயின் முகத்தில் நானே சலித்துச் சலித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அதைத் துடைக்க நானே வந்து நிற்கிறேன்.

இந்த இடத்தில் நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நான் பட்டது வெட்கமில்லை, பயம். 'சுத்தம் செய்யறவனே தூசி போட்டவன்' என்று ஊருக்குத் தெரிந்தால் எங்கள் வேலை அவ்வளவுதான். ஆகவே ஒரு திட்டம் போட்டேன். பாய் மரத்தடியில்தானே இருக்கிறார், அரை மணி நேரத்தில் பலகையைக் கழற்றி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. ஏணியை எடுத்தேன். தீதி ஏணியின் மேல் கை வைத்தார்.

"இன்னைக்கு இல்ல."

"நாளைக்குக் கப்பல் தீதி!"

"இப்ப தொறந்தா எல்லாம் கீழ வரும். அந்த ஆளு பத்தடியில உக்காந்திருக்கார்." மரத்தடியைக் காட்டினார். "நாளைக்கு மகனைக் கூப்பிட அவர் ஜெட்டிக்குப் போகட்டும். அப்ப."

அவர் சொன்னதுதான் சரி. என் கவலை என் மானம். அவர் கவலை பாயின் மூச்சு. அவசரம் வரும்போது உங்கள் அவசரம் யாருக்காக என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை. தீதி ஏணியை விட்டுக்கொடுக்கவில்லை, அதனால் பாய் பிழைத்தார். அன்று அவரைப் பக்கத்து வீட்டு வராந்தாவில் படுக்கவைத்தோம். "எலி மருந்து வைக்கணும் பாய்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரிய எலியா?" என்றார். "சுமாரான எலி" என்றேன்.

மறுநாள் கப்பல் மத்தியானம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். நம் கப்பல்கள் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கின்றன என்ற தைரியத்தில் நிதானமாக ஆரம்பித்தோம். கட்டில், மேஜை, தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் ஈரச் சேலை போர்த்தினோம். செடிக்கு மருந்தடிக்கிற பம்பில் தண்ணீர் நிரப்பி, பலகை இடுக்கு வழியாக முதலில் மேலே ஈரப்படுத்தினோம். நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு கம்பளியையும் நனைத்த போர்வையில் சுருட்டிக் கீழே விடுவேன். தீதி அதை அறைக்குள் நடத்தாமல் பின்ஜன்னல் வழியாக நேராக வெளியே தள்ளிவிடுவார். அன்றைக்கு ஏணி ஆடோ ஆடு என்று ஆடியது. எனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவது கம்பளி வரும்போது வாசலில் ஆட்டோ சத்தம். அன்றைக்குப் பார்த்து கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

பாயும் மகனும் உள்ளே வரப் பார்த்தார்கள். தீதி கையை நீட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான் ஏணி உச்சியில், தலை முதல் கால் வரை சிவப்பாக, ஹோலி முடிந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறவன் மாதிரி நின்றேன். கையில் ஒன்பதாவது கம்பளி. மகன் அதைப் பார்த்தான், சீலிங்கைப் பார்த்தான், பின்ஜன்னலுக்கு வெளியே கிடந்த குவியலைப் பார்த்தான்.

"என்ன இது? இத்தனையும் அத்தா படுக்கிற கட்டிலுக்கு மேலயா இருந்துச்சு? யார் வச்சது?"

 பாய் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தா, இதுக்குத்தான் சொல்றேன்." மகனின் குரல் உடைந்தது. கோபம் பாதி, பயம் பாதி. "தலைக்கு மேல என்ன இருக்குன்னுகூட தெரியாம மாசக்கணக்கா மூச்சு வாங்கிட்டு இருந்திருக்கீங்க. கண்டதையும் சேத்து வச்சிருக்கீங்க. உங்களால தனியா வீட்டைப் பாத்துக்க முடியலத்தா. ரெண்டு டிக்கெட்டு போட்டுட்டேன். நாலு நாள்ல கெளம்புறோம்."

 பாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புயலில் கம்பியைப் பிடித்து நின்ற கை அது. இப்போது விரல் வெளுத்திருந்தது. சும்மா இருந்துவிட்டால் போதும், பழி அவர்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், என் பெயர் சுத்தமாக இருக்கும். எட்டாவது மாடியில் நின்று அவர் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்ப்பார். தீதி கையில் ஈரத்துணியோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

"எலி இல்ல தம்பி" என்றேன். எலி பற்றி அவன் கேட்கவே இல்லை. ஆனால் என் வாயில் அதுதான் முதலில் வந்தது. "நான்தான். நான்தான் வச்சேன்."

அவன் என்னைக் கேட்ட கேள்விகளை எழுதினால் இதை உங்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். "வீட்டைச் சுத்தம் பண்றவரா நீங்க, இல்ல தூசிய வெதைச்சு அறுவடை பண்றவரா?" என்றது அதில் மரியாதையான பகுதி. ஏணியிலேயே நின்று கேட்டுக்கொண்டேன்; இறங்கினால் அவனுக்கும் எனக்கும் நடுவில் தூரம் குறைந்துவிடும். கடைசியில், "எதுக்கு? எதுக்கு இப்படி ஒரு வேலை செஞ்சீங்க?" என்றான்.

"உங்க அம்மா தூங்கணும்னு" என்றேன். மழையையும் தகரத்தையும் சொன்னேன். கடல் வருகிறது என்று எழுந்து உட்காருவதைச் சொன்னேன்.

அவனுக்கு அது தெரியாது. ஃபோனில் மகனிடம் எந்த அம்மா அதைச் சொல்வாள்? வாசல் படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டான். மூன்று என்றேன். எழுந்து பின்பக்கம் போய், ஜன்னலுக்கு வெளியே நின்று, தீதி தள்ளியதை அவனே வாங்கிக்கொண்டான்.

ஃபேன் துளையைச் சுற்றி அடைத்தோம். சீலிங்கின் மேல்பக்கத்தை மூன்று முறை ஈரத்துணியால் ஒற்றியெடுத்தோம். இரண்டு நாள் பாய் பக்கத்து வராந்தாவிலேயே இருந்தார். மூன்றாம் நாள் அவர் கட்டிலில் படுத்து எழுந்தபோது, மேஜைமேல் தூசி இல்லை. மகன் விரலால் தடவிப் பார்த்தான். நெஞ்சுக் கதவு இன்னும் கொஞ்சம் முனகியது. ஆனால் இரவெல்லாம் திறந்து மூடவில்லை. டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, இப்படியே தேறினால் எங்கேயும் போக வேண்டாம் என்றார். நாலாம் நாள் மகன் மட்டும் கப்பல் ஏறினான். ஏறுவதற்கு முன் தீதியிடம், "நீங்க வாரம் ஒருமுறை வந்து பாத்துக்குங்க தீதி" என்றான். என்னைப் பார்த்து, "நீங்க சாப்பிட மட்டும் வாங்க" என்றான்.

அதன்பின் அந்த வீட்டில் நான் விளக்குமாற்றைத் தொட்டதில்லை. இப்படியாக என்னைத் தடை செய்த வீடுகள் என் வீட்டோடு சேர்த்து இரண்டு.

எங்கள் பெயர் கெடவில்லை என்பதுதான் வேடிக்கை. கதை ஊரெல்லாம் பரவியது; சுத்தம் செய்ய வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். போனதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மேல ஏதும் வைக்க மாட்டீங்கல்ல?" அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் துணியை நனைக்கும் முன் நான் செய்வது இரண்டு. முதலில், இங்கே மூச்சு விடுகிறவர் யார் என்று கேட்பேன். பிறகு அண்ணாந்து பார்ப்பேன். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்களாக இருந்தால் என் கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். அதில் ஏற்கெனவே ஆள் நிறைய.

ஒன்று மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மகன் அத்தனை திட்டும்போதும் பாய் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்ல எனக்கு என்ன உரிமை? கோபமாகத்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மழை பிடித்ததும் ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனேன், மகன் கொடுத்த அனுமதிப்படி. கம்பளி இல்லாத தகரத்தில் மழை கொட்டு மேளம் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கத்திக் கத்திப் பேசினோம். பாய் தன் கையால் மீன் பொரித்து வைத்தார். மூச்சு சுத்தமாக வந்துபோனது. நடுவில் ஒருமுறை தலையைச் சாய்த்து மழையைக் கேட்டார்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்கா பாய்?"

"இருக்கட்டும். அவளுக்குத்தான் ஆகாது. எனக்கு இது தாலாட்டு."

இதுதான் சமயம் என்று எனக்குத் தோன்றியது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, பல நாள் ஒத்திகை பார்த்த பேச்சை எடுத்தேன்.

"பாய், ஒண்ணு சொல்லணும். நீங்க கப்பல்ல இருந்த நேரமாப் பாத்து, உங்க வீட்டு சீலிங்குல, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஏறினது என் தப்பு. நீங்க ஊர்ல இருந்திருந்தா இப்படி நடக்கவே விட்டிருக்க மாட்டீங்க. என்னை மன்னிச்சிருங்க."

பாய் அவசரமே படவில்லை. பெரிய துண்டமாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். விரலை நக்கினார். மழைக்கு மேலே கேட்கும்படி, ஆனால் முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு நான் ஊர்லதான் இருந்தேன். ஏணியப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தாண்டா."